சேலத்தில் இரைக்கும் கணினி, ஏற்காட்டில் ஓடுகிறது: மலிவு மதர்போர்டுடன் இரண்டரை ஆண்டுகள்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நான் பயன்படுத்தும் எச்610 என்ற மலிவு வகை மதர்போர்டின் விலை இப்போது இன்னும் இறங்கியிருப்பதாகவும், அதையே தாமும் வாங்கலாமா என்றும் சென்ற வாரம் கேட்டார். ஒரே சொல்லில் முடிந்திருக்க வேண்டிய பதில் அரை மணி நேரம் நீண்டுவிட்டது.

கொலுசு, மெட்டி வடிவங்களைப் பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் வரைந்து, வாடிக்கையாளர் பார்ப்பதற்கேற்ற படங்களாக ஆக்கித் தருவது என் தொழில். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் முழுச் சுமையும் பிராசஸரின் மேல்தான் விழும். அதை எண்ணி இன்டெல்லின் வேகமான பிராசஸர்களில் ஒன்றான ஐ7-12700 வாங்கினேன். வாங்கியபின் கையில் மிஞ்சிய பணத்துக்கு இந்தப் போர்டு வந்தது. யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான்.

பிராசஸரின் வேகத்துக்கு மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் முதல் ஓட்டம் இருபதாயிரத்தைத் தாண்டியபோது மகிழ்ந்தேன். அந்தச் சோதனையைப் பத்து நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டபோது மதிப்பெண் பதினான்காயிரத்துக்கு இறங்கியது. பிராசஸர் சூடேறுகிறது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, உயரமான டவர் கூலர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். பிராசஸரின் வெப்பம் அறுபது டிகிரிக்கு இறங்கியது. மதிப்பெண்ணோ முன்பைவிடக் குறைந்தது. குளிர்ந்த பிராசஸர் மெதுவாக ஓடுவது எப்படி என்று ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

விடை பிராசஸரில் இல்லை, அதன் பக்கத்தில் இருந்தது. கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். பிராசஸர் உண்பது ஏறத்தாழ 1.2 வோல்ட். 120 வாட் வேலைக்கு அந்த வோல்ட்டில் 100 ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படுகிறது. இந்த மாற்றத்தைச் செய்யும் விஆர்எம் என்னும் பகுதியில் என் போர்டில் மின்னோட்டத்தைக் கையாளும் மாஸ்ஃபெட் சில்லுகள் குறைவு, அவற்றின் மேல் வெப்பத்தை உறிஞ்ச ஓர் அலுமினியத் துண்டுகூட இல்லை. நண்பரின் பட்டறையிலிருந்து அகச்சிவப்பு வெப்பமானியைக் கடன் வாங்கிக் காட்டியபோது அந்த இடம் நூறு டிகிரியைத் தாண்டியிருந்தது. அந்த அளவுக்குச் சூடேறியதும், தான் கருகாமலிருக்கப் பிராசஸரை வேகம் குறைக்கும்படி போர்டு பணிக்கிறது, 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது இரண்டுக்கு அருகில் வந்து நிற்கிறது. இன்டெல்லின் பெட்டியில் வந்த சிறிய கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதியதால், போகிற போக்கில் மாஸ்ஃபெட்டுகளுக்கும் கொஞ்சம் காற்று கிடைத்துக்கொண்டிருந்தது. டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளி, அந்தக் கொஞ்சத்தையும் பறித்துவிட்டது. காசு கொடுத்து வினையை வாங்கிய எரிச்சல் எனக்கு இன்றும் தீரவில்லை.

ஒரு மே மாதம், முடிக்க வேண்டிய வேலை பாக்கியிருந்ததால், கேபினெட்டைக் காரில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை மடியில் தாங்காத குறையாக, ஏற்காட்டில் உள்ள மைத்துனர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சேலத்தில் 52 நிமிடம் எடுத்த அதே கோப்பு அங்கே 38 நிமிடத்தில் முடிந்தது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் விசிறிக்கு அது பாதகம்தான். ஆனாலும் மலையின் குளிர்ச்சி அதை ஈடுகட்டிவிட்டது. எந்த அமைப்பையும் நான் தொடவில்லை. போர்டுக்கும் கோடை வாசம் தேவைப்படும் என்று மைத்துனர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நியாயமாகப் பேசினால், போர்டு செய்த நிறுவனம் பொய் சொல்லவில்லை. இந்தப் பிராசஸருக்கு இன்டெல் அறிவித்திருக்கும் அடிப்படை மின்திறன் 65 வாட், அடிப்படை வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ், டர்போ என்னும் அதிகபட்ச வேகத்துக்கான 180 வாட்டை எல்லாப் போர்டும் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலில் ஒரு பெயர் இருந்தால் அது ஓடும் என்று பொருள். முழு வேகத்தில் ஓடும் என்று நான்தான் படித்துக்கொண்டேன். இரண்டரை ஆண்டுகளில் இது ஒருமுறைகூட உறைந்து நின்றதில்லை. மின்வெட்டுகளுக்குப் பிறகும் முணுமுணுக்காமல் எழுந்தது. இப்போது மாஸ்ஃபெட்டுகளுக்கு எதிரே ஒரு சிறிய விசிறியைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருக்கிறேன்; போர்டின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் நீண்ட நேர மின் வரம்பை 90 வாட்டுக்குக் குறைத்திருக்கிறேன். கோபுரத்தில் ஏறி விழுவதைவிடத் திண்ணையில் நிதானமாக நடப்பது மேல் என்பதுபோல, ஏறி இறங்காத வேகத்தில் அதே கோப்பு இப்போது சேலத்திலேயே 41 நிமிடத்தில் முடிகிறது.

இவ்வளவையும் கேட்ட நண்பரிடம், வேண்டாம், வாங்காதீர்கள் என்றேன். அவர் வாங்கவிருப்பது பில் போடுவதற்கான சிறிய பிராசஸரான ஐ3-12100 என்பது பிறகுதான் தெரிந்தது. டர்போவிலும் 89 வாட்டைத் தாண்டாத அதற்கு இந்தப் போர்டே தாராளம். இருந்தும் என் பதிலை நான் மாற்றிக்கொள்ளவில்லை.