இடக்கைக்காரன் கையில் ஒரு வில்லுக்கத்தி

கொழும்பு கெய்சர் தெருவில் துணி மொத்த வியாபாரக் கடையொன்றில் வேலை செய்கிறேன். காலையில் லொறியில் வந்து இறங்கும் பேல்களின் பிளாஸ்ரிக் பட்டிகளை அறுப்பது, அட்டைப்பெட்டி பிரிப்பது எல்லாம் என் தலையில். அதற்குத்தான் புறக்கோட்டையிலேயே ஒரு ஹார்ட்வெயார் கடையில் இந்தப் புது வில்லுக்கத்தியை, அதாவது மடக்குக் கத்தியை, வாங்கினேன். சீனத் தயாரிப்பு. குறையும் சொல்லப்போவதால் கம்பனிப் பெயர் வேண்டாம்.

நான் இடக்கைக்காரன். அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

முதலில் பிடித்தது அலகில் இருக்கும் வட்ட ஓட்டை. பெருவிரலை அதில் வைத்துத் தள்ளினால் ஒரு கையாலேயே திறக்கும். ஓட்டைக்கு இடம் வலம் இல்லையே! பொக்கெற் கிளிப்பையும் கழற்றி மறுபக்கம் பூட்டலாம். இந்த ஓட்டையும் கிளிப்பும் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ கத்திக் கம்பனி 1981இல் கொண்டுவந்த யோசனைகள். இன்றைக்கு மலிவுக் கத்தியிலும் வந்துவிட்டன. கிளிப் ஸ்குரூக்களுக்கு நட்சத்திர வாய் உள்ள சின்ன டிரைவர் வேண்டும். பெட்டிக்குள் அது இல்லை. முதலாம் குறுக்குத் தெருவில் போன் திருத்தும் தம்பி ஒருவர்தான் கழற்றிப் பூட்டித் தந்தார், காசும் வாங்கவில்லை.

இவ்வளவு தூரம் யோசித்தவர்கள் பூட்டில் கைவிட்டுவிட்டார்கள். உள்ளே இருப்பது லைனர் லொக். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு, கத்தி திறந்ததும் பக்கவாட்டில் பாய்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். மடக்க அதை ஒதுக்க வேண்டும். வலது கையில் பிடித்தால் பெருவிரல் சும்மா தள்ளிவிடும். இடது கையிலோ தகடு எதிர்ப்பக்கம் நகர வேண்டும். சுட்டுவிரல் நுனியை உள்ளே விட்டு நெம்பத்தான் வழி. வியர்த்த கையோடு அந்த வேலை சரிவராது. நான் பேசாமல் இரண்டு கையாலும் மடக்குகிறேன். ஒரு கைக் கத்தி என்று விற்றது இப்போது பாதி நேரம் இரண்டு கைக் கத்தி.

வழி இல்லாமலா? பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் 1955 முதல் ஒரு சுழல் வளையம்தான் பூட்டு, எந்தக் கையாலும் திருப்பலாம். பெஞ்ச்மேட் என்ற அமெரிக்கக் கத்திக் கம்பனி 1998இல் அறிமுகப்படுத்திய குறுக்குக் கம்பிப் பூட்டை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கலாம். அதன் காப்புரிமை முடிந்து இப்போது வேறு கம்பனிகளும் செய்கின்றன. இவர்களும் செய்திருக்கலாம்.

அலகு டீ2 (D2) என்ற வகை உருக்கு. கூர் நன்றாக நிற்கிறது. நாள் முழுக்க அட்டை அறுத்தாலும் அடுத்த நாள் பட்டியில் வழுக்குவதில்லை. ஆனால் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம். அலகில் கறள் புள்ளி விழுகிறது. டீ2இல் குரோமியம் ஏறத்தாழ 12 சதவீதம் இருந்தும் ஏன் என்றால், கார்பன் ஒன்றரை சதவீதம் அளவுக்கு இருக்கிறது. அது குரோமியத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கடினமான மணிகளாக்கிவிடும். கூர் நிற்பது அந்த மணிகளால்தான். கறளைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. இரவில் துடைத்து, கடையில் இருக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசுகிறேன். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து மூட்டு இறுகும். மாம்பழம் வெட்டினால் உடனே கழுவுங்கள், புளிப்பு அலகைக் கறுக்கவைக்கும்.

கைப்பிடி ஜி10, அதாவது கண்ணாடி நாரும் எபொக்சியும் அழுத்திச் செய்த தகடு. மழையில் நனைந்தாலும் மரம்போல ஊதாது. சொரசொரப்பு மட்டும் கொஞ்சம் அதிகம், காற்சட்டைப் பொக்கெற்றின் விளிம்பை அரித்துவிட்டது. துணிக்கடைக்காரனுக்கு அது பொறுக்குமா? கிளிப்பின் அடியில் வரும் இடத்தை நீர்த்தாளால் தேய்த்து மழுக்கினேன், இப்போது பரவாயில்லை.

வலக்கைக்காரர் யோசிக்காமல் வாங்கலாம். எனக்குக் குறுக்குக் கம்பிப் பூட்டு உள்ளது வந்தால் எடுத்துவைக்கச் சொல்லி ஹார்ட்வெயார்க் கடை அண்ணையிடம் சொல்லியிருக்கிறேன். "இடக்கைக்கென்று தனியா ஆர் கேக்கினம் தம்பி?" என்றார். இரண்டு கைக்கும் பொதுவானதைத்தான் கேட்கிறேன் என்று திறந்து மடக்கிக் காட்டிவிட்டு வந்தேன்.