ராபிஷீல்ட்: நாய்க்கடிக் காயத்துக்குள்ளேயே போடும் ஆன்டிபாடி ஊசி பற்றி ஒரு மதிப்பீடு

நாய் கடித்தால் தடுப்பூசி போட வேண்டும் என்பது மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்தில் இன்று அநேகமாக எல்லா வீடுகளுக்கும் தெரிந்த செய்திதான். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலத்தை நினைத்துப் பயந்து ஒளியும் பெரியவர்கள்கூட இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தயங்காமல் போகிறார்கள். ஆனால் பல் ஆழமாக இறங்கி இரத்தம் வந்துவிட்டால் தடுப்பூசி மட்டும் போதாது என்பதும், அதோடு சேர்த்துக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டிய வேறொரு மருந்து உண்டு என்பதும் இன்னும் பலரை எட்டவில்லை. அந்த மருந்தின் புதிய வடிவமான ராபிஷீல்டை எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பயன்படுத்திப் பார்த்த பிறகு, இந்தக் கடற்கரையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்; மருந்தின் அளவும் முறையும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

கருவாடு காயப்போடும் களங்களைச் சுற்றி நாய்கள் கூட்டமாகத் திரிவதை இந்தக் கரையில் எங்கும் பார்க்கலாம். என் அக்கா மகனை அப்படியொரு களத்தருகே ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டு ஓடிவிட்டது. இரண்டு பல் தடங்கள் ஆழமாக இறங்கி, அவற்றுக்கு நடுவே தோல் கிழிந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி அன்போடுதான் சுண்ணாம்பு கொண்டுவந்தார். அக்கா அதைத் தடவ விடாமல், சோப்பும் ஓடுகிற தண்ணீருமாகக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவினாள். எந்த ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பும் இதைத்தான் சொல்ல வேண்டும். காயத்தில் கிடக்கும் ரேபிஸ் (வெறிநோய்) வைரஸில் பெரும்பகுதியை வெறும் சோப்புத் தண்ணீரே அழித்து வெளியேற்றிவிடுகிறது; சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் காயத்தைப் புண்ணாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. அன்றைக்கே முதல் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது.

தடுப்பூசி ஏன் தனியாகப் போதாது என்றால், அது உடம்பைத் தூண்டி, கிருமியைப் பற்றி முடக்கும் புரதங்களான ஆன்டிபாடிகளை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ரேபிஸ் வைரஸ் அதற்குள் காயத்திலிருந்து நரம்பைப் பிடித்து மூளையை நோக்கி நகரத் தொடங்கிவிடலாம். மூளையை எட்டி நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிழைப்பவர் அரிதிலும் அரிது. இந்த இடைவெளியை நிரப்ப, வெளியே தயாரான ஆன்டிபாடிகளைக் கடிபட்ட இடத்திலேயே கொண்டுபோய் வைக்கிறார்கள். இதன் பயன் 1954இல் இரானில் கண்கூடாகத் தெரிந்தது. வெறிபிடித்த ஓநாய் ஒன்று ஒரே கிராமத்தில் 29 பேரைக் கடித்தபோது, தலையில் காயம்பட்டவர்களுள் தடுப்பூசி மட்டும் பெற்ற 5 பேரில் 3 பேர் இறந்தனர். தடுப்பூசியோடு, இரத்தத்திலிருந்து பிரித்த, ஆன்டிபாடிகள் நிறைந்த நீரான சீரமும் பெற்ற 13 பேரில் ஒருவர் மட்டுமே இறந்தார். நாய்க்கடிச் சிகிச்சையில் சீரம் நிலைபெற்றதற்கு அந்தக் கிராமமே காரணம்.

அந்தச் சீரம் நெடுங்காலமாகக் குதிரையின் இரத்தத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் இன்றும் கிடைப்பது அதுதான். இப்போதைய குதிரைச் சீரம் நன்றாகச் சுத்திகரிக்கப்பட்டது, எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. அது கையில் இருக்கும்போது புதியது வரட்டும் என்று காத்திருப்பதுதான் ஆபத்து. எனினும் அது வேற்று உயிரின் புரதம் என்பதால் சிலருக்கு ஒவ்வாமை வரலாம். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் தடிப்புமாகத் தொல்லை கொடுக்கலாம். மனித இரத்தத்திலிருந்து பிரிக்கும் சீரத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் தடுப்பூசி போட்டுக்கொண்ட கொடையாளர்களின் பிளாஸ்மாவை நம்பியே அதைத் தயாரிக்க முடியும் என்பதால், விலையும் அதிகம், தட்டுப்பாடும் அதிகம்.

ராபிஷீல்ட் இந்த இரண்டு வழியிலும் வரவில்லை. 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், ஆன்டிபாடி சுரக்கும் ஒரு செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரே வகை ஆன்டிபாடியை முடிவில்லாமல் சுரக்க வைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. முதலில் கிடைத்தவை எலியின் ஆன்டிபாடிகள். அவற்றை மனித உடம்பு அந்நியம் என்று எதிர்த்தது. பின்னர், மனித ஆன்டிபாடி மரபணுக்களையே எலிக்குள் பொருத்தி, அந்த எலிகளுக்கு நோய்ப்பொருளைக் கொடுத்து, அவை உண்டாக்கும் மனித ஆன்டிபாடிகளில் மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாஸ்பயாலஜிக்ஸும் புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்து உருவாக்கிய ராபிஷீல்டின் ஆன்டிபாடி அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டதுதான். தேர்ந்தெடுத்த ஆன்டிபாடியின் மரபணுவை, பெரும்பாலும் சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் புகுத்தி, பெரிய எஃகுக் கலன்களில் வளர்த்து, சுரப்பதைப் பிரித்துச் சுத்திகரிப்பதே இன்றைய ஆன்டிபாடி மருந்துகளின் பொதுவான தயாரிப்பு முறை. குதிரையும் வேண்டாம், கொடையாளரும் வேண்டாம். ஒவ்வொரு குப்பியிலும் இருப்பது ரேபிஸ் வைரஸின் மேற்புரதத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரே மூலக்கூறு என்பதால், தொகுதிக்குத் தொகுதி தரம் மாறுவதில்லை. ஆழமான கடிபட்ட 200 பேரிடம் நடத்திய ஆய்வில், மனிதச் சீரத்துக்கு இது குறைந்ததல்ல என்று தெரியவந்தது. இப்படி ஒரே வகையாகத் தயாராகும் (மோனோகுளோனல்) ஆன்டிபாடி கிடைக்குமிடத்தில் சீரத்துக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் பரிந்துரைத்தது.

அளவில்தான் பலர் குழம்புகிறார்கள். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குதிரைச் சீரம் 40 யூனிட், மனிதச் சீரம் 20 யூனிட், ராபிஷீல்ட் 3.33 யூனிட். எண் சிறியது என்பதால் வீரியம் குறைவு என்று பொருளில்லை. ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போடவே கூடாது என்றுதான் பொருள். 24 கிலோ எடையுள்ள எங்கள் பிள்ளைக்கு 80 யூனிட், அதாவது 100 யூனிட் குப்பியிலிருந்து 2 மில்லி தேவைப்பட்டது. 250 யூனிட் குப்பியிலும் இதே 2.5 மில்லி மருந்துதான் இருக்கும், செறிவு மட்டும் கூடுதல். ஆகவே குப்பியைப் பார்த்து அளவை ஊகிக்காமல் லேபிளைப் படித்துப் பார்ப்பது நல்லது.

ஊசி போட்ட விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மருந்தின் பயன் முழுவதும் அதில்தான் இருக்கிறது. "கால்ல கடிச்சதுக்குக் கையில போட்டா ஆகாதா, டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். "கிருமி கால்லதானம்மா இருக்கு, மருந்தும் அங்கேயே இருக்கணும்" என்றார் அவர். மெல்லிய ஊசியைக் கிழிசலின் ஓரத்தில் சாய்வாக இறக்கி, கொஞ்சம் மருந்தைச் செலுத்தி, வெளியே எடுத்து, அடுத்த ஓரத்தில் இறக்கி, இரண்டு பல் தடங்களின் அடிவரைக்கும் மருந்து போகும்படி பொறுமையாகச் செய்தார். மருந்து இறங்க இறங்கக் காயத்தைச் சுற்றியிருந்த தோல் வெளுத்து மேடிட்டது. பிள்ளைக்கு வலித்தது; என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டான். 2 மில்லி என்பதால் சீக்கிரம் முடிந்தது. மறுநாள் சிறு வீக்கமும் வலியும் தவிர வேறெதுவும் இல்லை. விரல் நுனி போன்ற இறுக்கமான இடமென்றால் இரத்த ஓட்டம் தடைபடாத அளவுக்கே செலுத்த முடியும். அவசரத்தில் முழு மருந்தையும் புட்டத்தில் போட்டு அனுப்புவது சில இடங்களில் நடக்கிறது. காயத்தில் போடும்படி தயங்காமல் கேளுங்கள்.

குறை என்று சொன்னால் முதலில் கிடைக்காமைதான். நாங்கள் விசாரித்த மருந்துக் கடைகள் எதிலும் இருப்பு இல்லை. ஒரு கடையில் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். கடைசியில் மதுரையில் இருக்கும் உறவினர் வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் மறுநாள் காலை கொண்டுவந்தார். முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து 7 நாள்வரை இதைப் போடலாம் என்பதால் பயனில்லாமல் போகவில்லை. ஆனாலும் தடுப்பூசியோடு முதல் நாளே போடுவதுதான் முறை. வழியில் இதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், உறையவே கூடாது. நம் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை என்று மீன் பெட்டியின் ஐஸில் குப்பியைப் புதைத்துவிடாதீர்கள். உப்பு கலந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்து மருந்தைக் கெடுத்துவிடும். ஐஸ் பொட்டலத்துக்கும் குப்பிக்கும் நடுவே மடித்த துணியோ அட்டையோ இருக்கட்டும்.

விலை குதிரைச் சீரத்தைவிட அதிகம், மனிதச் சீரத்தைவிடக் குறைவு. எடை ஏற ஏற மருந்தும் ஏறும் என்பதால், நல்ல உடல்வாகுள்ள ஒரு கடல் தொழிலாளிக்கு இந்தச் செலவு சிறியதல்ல. இதை அரசே இராமேசுவரம் தீவிலும் மண்டபத்திலும் இருப்பு வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்னொரு கேள்வியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராபிஷீல்டில் இருப்பது ஒரே ஆன்டிபாடி. வைரஸின் அந்த ஓர் இடம் மாறிவிட்டால் என்ன ஆகும் என்ற கவலையால், வெவ்வேறு இடங்களைப் பற்றும் இரண்டு ஆன்டிபாடிகளைக் கலப்பதே மேல் என்று கருதும் வல்லுநர்கள் உண்டு. சைடஸ் நிறுவனத்தின் ட்வின்ராப் அத்தகைய கலவை. 2019இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. அதன் அளவு கிலோவுக்கு 40 யூனிட். இரண்டும் கடையில் இருந்தால் மருத்துவர் சொல்வதை வாங்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் மற்றதற்காகக் காத்திருக்காமல் இருப்பதைப் போட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

இதே ஆன்டிபாடிகள் நோயைக் கண்டறியவும் உதவுகின்றன. இறந்த நாயின் மூளைத் திசுவில், ஒளிரும் சாயம் ஏற்றிய ரேபிஸ் ஆன்டிபாடியைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், வைரஸ் இருக்குமிடம் பச்சையாக ஒளிரும். எங்கள் பிள்ளையைக் கடித்த நாய் அகப்படவில்லை. அகப்படாத நாயை வெறிநாயாகவே கருதிச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பதுதான் விதி.

தடுப்பூசிகளையும் தவணை தவறாமல் போட்டு முடித்துவிட்டோம். முழுத் தவணையும் முடித்தவரைப் பின்னால் மறுபடி நாய் கடித்தால் இந்த ஆன்டிபாடி ஊசி தேவைப்படாது; கடித்த அன்றும் 3ஆம் நாளும் தடுப்பூசி மட்டும் போட்டால் போதும். ஆனால் முன்பு போட்டதற்குச் சான்று வேண்டும் என்பதால், ஊசி அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள். அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.