படியும் மரக்காலும் இணையத்தில்: சொந்தத் தளமா, காமன்ஸா?

வீட்டில் பழைய அளவைகள் நூற்றுப் பத்து சேர்ந்துவிட்டன. ஆழாக்கு, உழக்கு, உரி, படி, மரக்கால். பெரும்பாலும் இரும்பு, சிலவற்றுக்குப் பித்தளைப் பூண். 1960-களில் லிட்டர் வந்ததும் கடைகளை விட்டுப் போனவை. அலமாரிக்குள் பூட்டி வைப்பதைவிட நாலு பேர் பார்க்கட்டும் என்று இணையத்தில் காட்சியகம் அமைக்க இறங்கினேன். இன்ஸ்டாகிராம், சொந்தத் தளம், விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான பொதுப் படக் களஞ்சியம் விக்கிமீடியா காமன்ஸ் என மூன்று வழிகளிலும் போய்ப் பார்த்தாயிற்று.

இன்ஸ்டாகிராமில் ஆள் சேரும். ஆனால் போன வருஷம் போட்ட உரியைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதை விட்டுவிட்டேன்.

அடுத்தது சொந்தத் தளம். அருங்காட்சியகம், நூலகம் போன்றவற்றுக்கென்று அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான ஒமேகா (Omeka) மென்பொருளை நிறுவினேன். மென்பொருள் இலவசம், இணையத்தில் தளம் இருக்கும் இடத்துக்கும் அதன் முகவரிக்கும்தான் வாடகை. ஒவ்வொரு பொருளுக்கும் தலைப்பு, விளக்கம், தேதி என்று விவரம் பதியும் டப்ளின் கோர் முறையில் 15 கட்டங்கள் உண்டு. ரசித்து ரசித்து நிரப்பினேன். உங்கள் விருப்பப்படி அடுக்க, நீளமாகக் கதை எழுத இதைவிட நல்ல வழி கிடையாது. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் பராமரிப்பு? நாலாவது வருஷம் வீட்டில் நீண்ட நாள் மருத்துவச் செலவு, அலைச்சல். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல் நான் திறக்காத பழைய கணக்குக்குப் போயிருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது முகவரியும் இல்லை, தளமும் இல்லை. படங்கள் கணினியில் பத்திரமாக இருந்தன. நேரே தளத்திலேயே தட்டச்சு செய்த குறிப்புகள் போய்விட்டன. சேரன்மாதேவிப் பக்கம் ஒரு பாட்டி தந்த மரக்கால், அடியில் ஆணியால் ‘செ’ என்று கீறியிருக்கும். அவர்கள் களத்தில் கூலி அளக்க ஒன்று, குத்தகை வாங்க அதைவிடப் பெரிதாக ஒன்று என இரண்டு இருந்தனவாம். என்னிடம் இருப்பது எது என்றும் சொன்னார், எழுதியும் வைத்தேன். இப்போது எனக்கு நினைவில்லை. பாட்டியும் இல்லை.

அதற்குப் பிறகு நான் கேட்பது ஒன்றுதான்: இரண்டு வருஷம் நான் எட்டிப் பார்க்காவிட்டாலும் இது இருக்குமா? பெரிய நிறுவனத்தை நம்பினால் போதும் என்பார்கள். யாரும் இலவசமாகத் தளம் வைத்துக்கொள்ள இடம் தந்த யாகூவின் ஜியோசிட்டீஸை 2009-இல் மூடினார்கள். படங்களைச் சேர்த்து வைக்கும் ஃபிளிக்கர் தளம் 2018-இல் இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள் என்று வரம்பு அறிவித்தது.

விக்கிமீடியா காமன்ஸ் 2004 முதல் நடக்கிறது. லாப நோக்கமற்ற அறக்கட்டளை நடத்துவது. கட்டணம் இல்லை, புதுப்பித்தல் இல்லை. விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். யார் எதைத் திருத்தினாலும் பழைய வடிவம் வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். நான் ‘படி’ என்று மட்டும் எழுதியிருந்த ஒன்றுக்கு யாரோ ‘நாழி’ என்ற பெயரையும் சேர்த்திருந்தார். என் தளத்தில் அது நடந்ததே இல்லை.

இதிலும் விட்டுக்கொடுக்க வேண்டியவை உண்டு. உங்கள் படத்தை யாரும் எடுத்துக் காலண்டரில் அச்சிட்டு விற்கலாம், உங்கள் பெயரைக் குறிப்பிட்டு, படத்தை ஏற்றும்போது நீங்கள் கொடுத்த உரிமத்தின் நிபந்தனையைப் பின்பற்றினால் போதும். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. கதையைச் சுருக்கித்தான் எழுத வேண்டும். படி, உழக்கு போன்ற புழங்குபொருளுக்குப் பதிப்புரிமைச் சிக்கல் வராது. தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்கள் நிதானிக்க வேண்டும்: இந்தியச் சட்டப்படி ஓவியருக்கு ஆயுள் காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. கைபேசியில் எடுத்த படமானால் அதற்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிட்டு ஏற்றுங்கள், வீடு எங்கே என்பது ஊருக்குத் தெரிய வேண்டாம்.

காமன்ஸில் எனக்கு ஒன்றரை வருஷ அனுபவம்தான், ஏற்றியது 62 பொருட்கள். ஒலிப்பதிவு, காணொளி எல்லாம் முயன்றதில்லை. குறிப்புகளை இப்போது முதலில் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

‘செ’ மரக்காலை இன்னும் ஏற்றவில்லை. பாட்டியின் மகனிடம் கேட்டிருக்கிறேன். களத்தில் நெல் அளந்த ஒருவர் ஊரில் இன்னும் இருக்கிறாராம், பொங்கலுக்கு வரும்போது மரக்காலையும் எடுத்து வாருங்கள் என்றார் மகன்.