அட்வான்ஸ் அனுப்பும் முன் ஹாலைப் பார்த்துவிடுங்கள்

அது 2020, கொரோனா காலம். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. மார்ச் மாதத்திலிருந்து வாசல் தாண்டாத மனிதர். எழுபதாவது பிறந்தநாளுக்காவது ஒரு வேளை வெளியே சாப்பிட அழைத்துப்போகலாம் என்று கோவையில் ஒரு பெரிய உணவகத்துக்குப் போன் செய்தேன். “ஒரு டேபிள் விட்டு ஒரு டேபிள்தான் சார், ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கும்” என்றார் மேனேஜர். நம்பி, ஆறு பேருக்கு 2,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன்.

வாசலில் எல்லாம் ஒழுங்கு. நெற்றியில் காய்ச்சல் பார்த்தார்கள், கையில் சானிடைசர் ஊற்றினார்கள், நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதச் சொன்னார்கள். மாடி ஏறினால் ஒரு மேஜைகூடக் காலி இல்லை. ‘இங்கே உட்கார வேண்டாம்’ என்று ஒட்டிய நாற்காலிகளிலும் ஆட்கள். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்க, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பரிமாறுபவரின் மாஸ்க் தாடையில். மேஜை துடைத்த அதே ஈரத்துணியால் மெனு கார்டையும் துடைத்து நீட்டினார்.

அந்த ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் உணவகங்களுக்கு வெளியிட்ட வழிமுறைகளில் பாதி இருக்கைகளுக்கு மேல் நிரப்பக் கூடாது, ஆறடி இடைவெளி வேண்டும், வெளிக்காற்று முடிந்தவரை உள்ளே வர வேண்டும் என்று தெளிவாக இருந்தது. இதெல்லாம் சம்பிரதாயம் இல்லை. அதே ஆண்டு ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னலே இல்லாத ஏசி உணவகம் ஒன்றில் அடுத்தடுத்த மூன்று மேஜைகளில் மூன்று குடும்பங்கள் மதியம் சாப்பிட்டன. மேஜைகளுக்கு நடுவே சுமார் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தது. கடைசியில் அந்தக் குடும்பங்களில் மொத்தம் பத்துப் பேருக்குத் தொற்று. கிருமியை ஏசிக் காற்று கொண்டுபோயிருக்கும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. முதல் நோயாளிக்குச் சாப்பிடும்போது காய்ச்சல் இல்லை, அன்று பிற்பாடுதான் வந்தது. வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவியில் அவர் சிக்கியிருக்க மாட்டார்.

மேனேஜரிடம் கேட்டேன். “ஏசி போடலைன்னா கஸ்டமர் உட்கார மாட்டேங்கறாங்க சார்” என்றார். சரி, நாங்கள் கிளம்புகிறோம், அட்வான்ஸைக் கொடுங்கள் என்றால், கேன்சல் செய்தால் பணம் திரும்ப வராதாம். போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் பார்சல் கேட்டோம். முக்கால் மணி நேரம் அப்பா ரோட்டோரம் நின்றார். அப்புறம் வந்த பில்லில் தலைக்கு 30 ரூபாய் ‘சுத்திகரிப்புக் கட்டணம்’ வேறு. நாங்கள் உட்காரவே இல்லாத மேஜைக்கு! அரை மணி நேரம் வாதாடி அதை மட்டும் எடுக்க வைத்தேன்.

வயதானவர்களை அழைத்துப்போகிறவர்கள் முதலில் ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பாருங்கள். ஜன்னல் திறந்திருக்கிறதா, மேஜைகள் தள்ளி இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு மற்றவர்களைக் கூப்பிடுங்கள். அட்வான்ஸ் கேட்டால், எந்த நிலையில் திருப்பித் தருவார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லாததால்தான் மேனேஜர் அவ்வளவு துணிந்து பேசினார். பில்லைக் கடைசி வரி வரை படியுங்கள்.

வீட்டுக்கு வந்து பிரித்தபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அம்மா சூடு பண்ணிப் போட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.