நிச்சயதார்த்த போட்டோஷூட், பாண்டி பீச் ரோடு
அவரு துபாய், நான் கடலூர், லவ் முழுக்க வீடியோ கால்லயே ஓடிச்சு, சேர்ந்து எடுத்த நல்ல போட்டோ ஒண்ணுகூட இல்ல. அதான் நிச்சயத்துக்கு பாண்டில ஒரு சின்ன ஸ்டுடியோவ புடிச்சோம். கேமரா அண்ணன் விடியறதுக்குள்ள வரச்சொன்னாரு, காலைல 7.30 வரைக்கும் பீச் ரோட்டுல வண்டி விடமாட்டாங்க, கிழக்கு பாத்த கடல்ங்கறதால வெளிச்சமும் நேரா மூஞ்சில விழும்னு. கரெக்ட்டுதான். காந்தி சிலைய சுத்தியிருக்க கல்தூண் பக்கத்துல ரெண்டு பேரும் வெறைச்சு நிக்க, வாக்கிங் வந்த தாத்தா ஒருத்தர் "கைய புடிப்பா தம்பி, யாரும் பாக்கல"ன்னாரு, அப்ப சிரிச்சதுதான் செம போட்டோ!

மண்டப வீடியோவுக்கு மட்டும் இவங்கள நம்பாதீங்க, நாங்க மோதிரம் மாத்தறப்ப இவங்க பேட்டரி மாத்திட்டு இருந்தாங்க, அம்மா இன்னும் திட்றாங்க. ஆல்பமும் லேட்டு. வெளிய ஷூட்னா தாராளமா போலாம்.