கோபன்ஹேகன் அசிஸ்டன்ஸ் கல்லறைத் தோட்டம்: அரை நாள் ஒதுக்கிப் போக வேண்டிய இடம்

கோபன்ஹேகன் போகிறவர்கள் எல்லோரும் நீஹாவ்ன் கால்வாய், கடற்கன்னி சிலை, டிவோலி என்று ஒரே பட்டியலைத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் ஏதாவது ஒன்றை வெட்டிவிட்டாவது நோரப்ரோ பகுதியில் இருக்கிற அசிஸ்டன்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். சுற்றுலா வந்த இடத்தில் கல்லறைக்கா கூட்டிப் போகிறாய் என்றுதான் என்னோடு வந்தவர்களும் முதலில் கேட்டார்கள். உள்ளே போன பிறகு அவர்களைக் கிளப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

போவது சுலபம். எம்3 மெட்ரோவில் நோரப்ரோஸ் ருண்டெல் நிலையத்தில் இறங்கினால் தோட்டத்தின் ஒரு மூலையிலேயே வந்து நிற்பீர்கள். இந்த நிலையம் கட்டுவதற்காகத் தோட்டத்தின் அந்த மூலையைத் தோண்ட வேண்டியிருந்தது. அங்கே இருந்த பழைய கல்லறைகளைத் தொல்லியல் ஆட்கள் அகழ்ந்து பதிவு செய்த பிறகுதான் வேலை நடந்தது, ரயில் ஓட ஆரம்பித்தது 2019இல். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. கோடையில் இரவு பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கிற ஊர் என்பதால் ஜூன், ஜூலையில் சாப்பிட்டுவிட்டுக்கூட ஆற அமரப் போகலாம். குளிர்காலத்தில் மூன்றரை, நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அப்போது மதியத்துக்கு முன்பே போய்விடுவது நல்லது.

சாலையிலிருந்து பார்த்தால் நீளமான மஞ்சள் சுவர் ஒன்றுதான் தெரியும். உள்ளே இரண்டு பக்கமும் நெட்டையான பாப்லர் மரங்கள் வரிசையாக நிற்கிற பாதை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு அம்மாக்கள் நடக்கிறார்கள், யாரோ ஓடிக்கொண்டிருக்கிறார்கள், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் இதையே குறுக்கு வழியாக வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளிப் புல்வெளியில் போர்வை விரித்து வெயில் காய்கிறவர்கள், புத்தகம் படிக்கிறவர்கள், பழம் நறுக்கிச் சாப்பிடுகிறவர்கள். அதே நேரத்தில் இன்னொரு பக்கம் ஒரு பாட்டி குனிந்து ஒரு கல்லைச் சுற்றிக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒருவரால் இன்னொருவருக்குத் தொந்தரவே இல்லை, எனக்கு இந்த இடத்தில் மிகவும் பிடித்ததே அதுதான்.

இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால், இடம் பிரித்திருக்கிற விதம்தான் காரணம். இன்னும் கல்லறையாகப் பயன்பாட்டில் இருக்கிற பகுதிகள் தனி, பூங்காவாக விட்ட பகுதிகள் தனி. டென்மார்க்கில் கல்லறை இடம் என்றைக்கும் சொந்தம் இல்லை, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் கொடுப்பார்கள், காலம் முடிந்து குடும்பத்தில் யாரும் புதுப்பிக்கவில்லை என்றால் கல்லை எடுத்துவிடுவார்கள். வேலிச் செடிகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லாமல் சதுரமாகப் பச்சைப் புல் மட்டும் இருக்கிற இடங்களைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். வரலாற்று மதிப்புள்ள கல்லறைகளை மட்டும் அப்படியே காப்பாற்றி வைக்கிறார்கள்.

தோட்டம் ஆரம்பித்தது 1760இல். 1711இல் வந்த கொள்ளைநோயில் ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மக்கள் செத்துப்போனார்கள், கோட்டைச் சுவருக்குள் இருந்த தேவாலய வளாகங்களில் புதைக்க இடம் இல்லாமல் போனது. அதனால் ஊருக்கு வெளியே இதை அமைத்தார்கள், முதலில் ஏழைகளுக்கு மட்டும். வசதியானவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 1785இல் அகஸ்டின் என்ற அரசு அதிகாரி, தன்னை இங்கேதான் புதைக்க வேண்டும் என்று கேட்டு அப்படியே புதைக்கப்பட்டார், அதற்கப்புறம் பணக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலத்திலேயே ஊர் மக்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து இங்கே பொழுது போக்கத் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிகாரிகள் தடை போடுகிற அளவுக்குப் போயிருக்கிறது. ஆக, இன்று புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை.

இனி யாரையெல்லாம் பார்க்கலாம் என்பது. கூட்டம் எப்போதும் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனிடம்தான். உலகமே படித்த கதைகளை எழுதியவருக்கு ஆடம்பரம் இல்லாத ஒரு நிமிர்ந்த கல், அவ்வளவுதான். எனக்கு மனதில் நின்றது தத்துவவாதி கீர்க்ககார்டின் குடும்பக் கல்லறை. அங்கே அவருக்கென்று தனிக் கல்கூட இல்லை. சின்ன வயதிலேயே இறந்துபோன அண்ணன், அக்கா பெயர்களுக்குக் கீழே, சாய்த்து வைத்த ஒரு பலகைக் கல்லில் சோரன் ஆபி என்று முன்பெயரும் 1813, 1855 தேதிகளும், அடியில் சில வரிப் பாடலும் மட்டும் இருக்கின்றன. தத்துவம் படித்தவர் இல்லையென்றாலும் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். இயற்பியல் பிடிக்கும் என்றால் நீல்ஸ் போர் இருக்கிறார், உச்சியில் ஆந்தை உட்கார்ந்திருக்கிற தூணைத் தேடுங்கள். மின்சாரம் ஓடினால் பக்கத்தில் இருக்கிற காந்த ஊசி திரும்பும் என்று 1820இல் கண்டுபிடித்த ஓர்ஸ்டெடும் இங்கேதான். அமெரிக்காவிலிருந்து வந்து இந்த ஊரில் வாழ்ந்த ஜாஸ் கலைஞர்கள் பென் வெப்ஸ்டர், கென்னி ட்ரூ இருவரும்கூட இருக்கிறார்கள்.

குறை என்றால் வழி கண்டுபிடிப்பதுதான். வேலிச் செடிகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் நான் ஆந்தையைத் தேடி வெகுநேரம் சுற்றினேன். கல்லில் இருப்பதெல்லாம் டேனிஷ் என்பதால் பார்க்க வேண்டிய கல்லறைகளை முன்பே போனில் வரைபடத்தில் குறித்துக்கொண்டு போங்கள். இன்னொன்று, ஒரு பழைய கல்லின் மேல் யாரோ காலி பியர் டின்னை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், பார்க்கவே வயிறெரிந்தது. இவ்வளவு தாராளமாகத் திறந்து வைத்திருக்கிற இடத்தில் நம் குப்பையை நாமே எடுத்துப் போவதும், யாராவது அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு விலகி நடப்பதும் நாம் செய்தே ஆக வேண்டியவை.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. முடிந்தால் கோடைக்கால சனிக்கிழமையில் போங்கள், மஞ்சள் சுவரை ஒட்டி வெளியே நடைபாதையில் பழைய பொருள் சந்தை போடுவார்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். குழந்தைகள் தாராளமாக வரலாம், ஆனால் பந்து விளையாடித்தான் ஆக வேண்டும் என்றால் ஃபெலெட்பார்க்கன் பூங்காவுக்குப் போய்விடுங்கள்.