ரைபிள் ரீலோடிங்: எந்த பிரைமர் வாங்கலாம்? பல வருட அனுபவத்திலிருந்து

வீட்டிலேயே தோட்டா நிரப்பிச் சுடுகிறவர்கள் புல்லட்டைப் பற்றியும் பவுடரைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பிரைமர் என்று வந்தால் மட்டும் "கடையில் எது கிடைக்கிறதோ அது" என்று முடித்துவிடுவார்கள். நான் இருப்பது அமெரிக்காவில், டெக்சஸில். .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகைகளில் தலா ஒரு, கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷன், .223-ல் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஒரு ஏஆர்-15. மூன்றுக்கும் வருடக்கணக்கில் நானே நிரப்புகிறேன். சுடுவது காகித இலக்கையும் இரும்புத் தகட்டையும் மட்டும்தான். பல பிராண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் என் கருத்து இதுதான்: முதலில் அந்தத் துப்பாக்கிக்குப் பாதுகாப்பானதா என்று பாருங்கள், அடுத்து பவுடருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறியதில் எது தொடர்ந்து கிடைக்குமோ அதை ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) மொத்தமாக வாங்குங்கள். பெட்டிமேல் என்ன பெயர் இருக்கிறது என்பது அப்புறம்தான்.

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. பிரைமர் என்பது கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூட்டின்) அடியில் உட்காரும் சின்ன உலோகக் கிண்ணம். ஃபயரிங் பின் அடித்ததும் உள்ளே இருக்கும் கலவை, கிண்ணத்துக்கும் அன்வில் என்கிற துண்டுக்கும் நடுவில் நசுங்கித் தீப்பொறி கக்கும். அந்தத் தீ ஃப்ளாஷ் ஹோல் என்கிற ஓட்டை வழியாகப் போய் பவுடரைப் பற்றவைக்கும். இங்கே நாங்கள் ரீலோட் செய்வது பாக்ஸர் வகை. நடுவில் ஒரே ஓட்டை இருப்பதால் பழைய பிரைமரைத் தட்டி எடுப்பது சுலபம். பெர்டான் வகையில் அன்வில் கேஸோடு சேர்ந்தே இருக்கும், ஓட்டை இரண்டு. வேடிக்கை என்னவென்றால், பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா பிடித்துக்கொண்டது ஆங்கிலேயரின் முறையை, ஐரோப்பாவில் நெடுங்காலம் ஓடியது அமெரிக்கரின் முறை.

ரைபிள் பிரைமரில் அளவு இரண்டே. லார்ஜ் 0.210 அங்குல விட்டம், ஸ்மால் 0.175 அங்குலம். பிஸ்டல் பிரைமருக்கும் இதே விட்டம்தான் என்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது. லார்ஜ் பிஸ்டல் பிரைமர் உயரத்தில் குட்டை. ஸ்மால் பிஸ்டல் பிரைமர் ரைபிள் கேஸின் பாக்கெட்டில் (பிரைமர் உட்காரும் குழியில்) சரியாக உட்கார்ந்துவிடும்; அதுதான் ஆபத்தே. அதன் கிண்ணம் மெல்லியது, ரைபிள் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது இல்லை.

இந்தக் கிண்ணத்தின் தடிமன்தான் என் பார்வையில் மிக முக்கியமான விஷயம். பெட்டியின் மேல் அது எழுதியிருக்காது, ஆகையால் யாரும் கவனிப்பதும் இல்லை. ஸ்மால் ரைபிளில் சிசிஐ கம்பெனியின் 400-ன் கிண்ணம் சுமார் 0.020 அங்குலம். அதே கம்பெனியின் 450, 41, பிஆர்-4 மூன்றும் சுமார் 0.025. ஃபெடரல் 205 இரண்டுக்கும் இடையில். ரெமிங்டன் 6½ மெல்லியது; .22 ஹார்னெட் மாதிரி குறைந்த அழுத்தத் தோட்டாக்களுக்கானது. .223-க்கு 7½-ஐப் போடச் சொல்லி அந்தக் கம்பெனியே எச்சரிக்கிறது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு என்ன பெரிய வித்தியாசம் என்று நினைப்பவர்கள், மெல்லிய பிரைமரைப் போட்டு முழு அழுத்தத்தில் சுட்ட ஒரு ரைபிளின் போல்ட் முகத்தை, அதாவது தோட்டாவின் அடியைத் தாங்கும் பரப்பைப் பார்க்க வேண்டும். ரேஞ்சில் பக்கத்து பெஞ்ச்காரர் ஒருவர் தன் ஏஆரின் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். ஃபயரிங் பின் ஓட்டையைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் குழி விழுந்திருந்தது, பின்னின் நுனியும் ஒரு பக்கம் அரித்துப் போயிருந்தது. பிரைமர் துளைந்து அதன் வழியே பீறிட்ட சூடான வாயு இரும்பையே அறுத்த தடம் அது. அன்று அவர் கண்ணாடி போட்டிருந்தார் என்பது பெரிய நிம்மதி.

ஏஆரில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதன் ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்த ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும் வேகத்தில் பின் முன்னால் வந்து பிரைமரை லேசாகத் தட்டும். சேம்பருக்குள் போட்ட தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்துப் பார்த்தால் பிரைமரின் நடுவில் சின்னப் புள்ளி தெரியும். பிரைமர் ரொம்ப மென்மையாகவோ மேலே துருத்திக்கொண்டோ இருந்தால், டிரிக்கரைத் தொடாமலேயே வெடித்துவிட வாய்ப்பு இருக்கிறது. ஸ்லாம் ஃபயர் என்பது இதைத்தான். பழைய ராணுவ ரைபிளான எம்1 கேரண்டிலும் இதே கதை. அதற்காகவே ராணுவ அளவுகோலில் செய்யப்பட்டவை சிசிஐ 41, லார்ஜில் 34. என் .223-க்கு 41 அல்லது 450 தவிர வேறு எதையும் போடுவதில்லை.

போல்ட் ஆக்‌ஷனில் கதையே வேறு. அங்கே ஃபெடரல் 210எம் எனக்கு மிகப் பிடித்தமானது. மென்மையாக உட்காரும், லேசான அடிக்கும் தவறாமல் வெடிக்கும். டிரிக்கரையும் ஸ்பிரிங்கையும் மாற்றி இலகுவாக்கிய ரைபிள்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் இவ்வளவு சுலபமாக வெடிப்பதாலேயே எச்சரிக்கையும் அதிகம் வேண்டும். ஃபெடரல் பெட்டி மற்றவற்றைவிடப் பெரியதாக இருப்பதற்குக் காரணம், பிரைமர்களைத் தள்ளித் தள்ளி அடுக்கியிருப்பதுதான். லீ கம்பெனி தன் கை பிரைமிங் கருவியில் ஃபெடரலைப் போட வேண்டாம் என்று பல காலம் எச்சரித்து வந்தது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பிரைமிங் கருவியைத் தொடவே தொடாதீர்கள். கலவையில் ஈயம் இருக்கிறது. வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பக்கம் போக வேண்டும்.

உட்கார வைப்பதில் கையின் உணர்வு நிறையச் சொல்லும். சிசிஐ கிண்ணம் கொஞ்சம் கெட்டி. லப்புவா கம்பெனியின் புதுக் கேஸில் அழுத்தும்போது முதலில் இறுக்கமாக முரண்டு பிடிக்கும், பிறகு பாக்கெட்டின் தரையைத் தொட்டதும் கை சட்டென்று நிற்கும். அந்த நிற்றல் வர வேண்டும். கேஸின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருப்பது சரியான ஆழம். ஒவ்வொரு கேஸையும் திருப்பி விரல் நுனியால் தடவிப் பார்க்கிறேன்; துருத்தல் இருந்தால் நகத்தில் தட்டும். அழுத்தும்போது எதிர்ப்பே இல்லாமல் பொசுக்கென்று உள்ளே போனால் அந்தக் கேஸின் பாக்கெட் தளர்ந்துவிட்டது, குப்பைக்குத்தான். லேக் சிட்டி ராணுவக் கேஸ் என்றால் பாக்கெட்டின் வாயில் கிரிம்ப் (பிரைமரைப் பிடிக்க உள்நோக்கி நசுக்கிய விளிம்பு) இருக்கும், அதை முதலில் விரித்துவிட வேண்டும்.

மேக்னம் பிரைமர் என்றதும் கூடுதல் சக்தி என்று நினைத்து எல்லாவற்றுக்கும் போடுகிறவர்கள் உண்டு. .300 வின் மேக் போல மெதுவாக எரியும் பவுடர் நிறையப் பிடிக்கும் கேஸுக்கு சிசிஐ 250, ஃபெடரல் 215 போன்றவை தேவைதான். உருண்டை மணிகளாக இருக்கும் பால் (ball) பவுடருக்கும் கடும் குளிருக்கும்கூட அவை உதவும். வார்கெட், எச்4350 மாதிரி குச்சிப் பவுடரை .308-லும் கிரீட்மோரிலும் நிரப்புகிறவருக்கு சாதாரண பிரைமரே போதும். எங்கள் ஊர் வெயிலில் இதில் எனக்கு ஒரு முறைகூடத் தாமத வெடிப்பு வந்ததில்லை. லப்புவாவின் கிரீட்மோர் கேஸில் ஸ்மால் ரைபிள் பாக்கெட்; ஃப்ளாஷ் ஹோலும் சிறியது. பாக்கெட் சீக்கிரம் தளராது என்பது அதன் பெரிய லாபம். அதில் மட்டும் விதிவிலக்காக மேக்னம் வகையான 450 போட்டு வருகிறேன், திருப்தி.

போட்டிக்கென்று செய்யும் மேட்ச் பிரைமருக்குக் கூடுதல் பணம் தரலாமா? குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்து, சாதாரண சிசிஐ 200-ஐயும் அதன் மேட்ச் வகையான பிஆர்-2-ஐயும் ஒரே பவுடர் அளவில் சுட்டுப் பார்த்தேன். வேகத்தின் ஏற்ற இறக்கத்தில் என் ரைபிளில் தெரிந்த வேறுபாடு, பவுடரைக் கவனமாக எடை போட்டதால் கிடைத்த முன்னேற்றத்தைவிடக் குறைவு. ஆயிரம் கஜத்தில் போட்டி போடுகிறவர் தாராளமாக வாங்கலாம். முந்நூறு கஜத்துக்குள் சுடுகிறவர் அந்தப் பணத்தை நல்ல தராசில் போடட்டும்.

விலையையும் சொல்லியாக வேண்டும். 2020-க்கு முன் ஆயிரம் பிரைமர் 30, 35 டாலருக்குக் கிடைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் கடை அலமாரிகள் காலியாகின. தனியார் விற்பனையில் சொன்னதெல்லாம் விலை. ஒரு கடையில் பவுடர் டப்பாவும் வாங்கினால்தான் பிரைமர் என்று கட்டாயப்படுத்தினார்கள். இன்றும் அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை. பழைய விலை திரும்பவே இல்லை. சிசிஐ, ஃபெடரல், ரெமிங்டன் மூன்றும் 2024 நவம்பரில் செக் நாட்டு சிஎஸ்ஜி குழுமத்தின் கைக்குப் போயிருக்கின்றன. ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் தனி. அது அனுப்பும் பார்சலுக்கு ஒரு தடவை என்பதால், நண்பர்கள் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுவது லாபம். தட்டுப்பாட்டில் வந்த போஸ்னியாவின் ஜினெக்ஸ், செக் நாட்டின் செல்லியர் அண்ட் பெல்லட் இரண்டையும் பயன்படுத்தினேன். பயிற்சிக்குக் குறையே இல்லை. ஒன்றும் மிஸ்ஃபயர் ஆகவில்லை. மொத்தமாக வாங்குங்கள் என்கிறேனே தவிர, வீட்டில் குவிக்கச் சொல்லவில்லை. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியான என்எஃப்பிஏ 495 வீட்டில் 10,000 வரைதான் அனுமதிக்கிறது. அதுவும் கம்பெனிப் பெட்டியிலேயே இருக்க வேண்டும். கண்ணாடி ஜாடியில் கொட்டி வைப்பது வெடிகுண்டு செய்து வைப்பதற்குச் சமம்.

இப்போது என் அலமாரியில் இருப்பவை மூன்றே: .308-க்கு 210எம், கிரீட்மோருக்கு 450, ஏஆருக்கு 41. பெட்டியில் இருக்கும் லாட் எண்ணை, நிரப்பிய தோட்டா டப்பாவின் மேல் பவுடர் அளவோடு சேர்த்து மார்க்கரில் எழுதிவிடுகிறேன். பிராண்டு மாறினால், பழைய அளவை அப்படியே போடுவதில்லை. கையேட்டில் இருக்கும் தொடக்க அளவுக்கு இறங்கி, அங்கிருந்து மறுபடி படிப்படியாக ஏறுகிறேன். லாட் மட்டும் மாறினால் கொஞ்சம் குறைத்துச் சில தோட்டாக்களைக் குரோனோகிராஃபில் ஓடவிட்டு, பழைய வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மீதியை நிரப்புகிறேன்.